ரிச்சர்ட் ஜான்சனுக்கு ஒரு கைத்தட்டல் பாக்கி இருக்கு: பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டிக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டன்ல குதிரைப் பந்தயத்தை ஒழுங்குபடுத்தற பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டியில பொறுப்புல இருக்கற எல்லாருக்கும்,

வணக்கம். 2021 ஏப்ரல் 3ஆம் தேதி நியூட்டன் ஆபட் ரேஸ்கோர்ஸ்ல பிரதர் டெட்ங்கற குதிரையில மூணாவதா வந்து இறங்குன ஜாக்கி ரிச்சர்ட் ஜான்சன், இதோட போதும், ரிட்டயர் ஆகறேன்னு அன்னிக்கே சொல்லிட்டாரு. கொரோனா காலம், கேட்டெல்லாம் பூட்டியிருக்கு, ஸ்டாண்டுல ஈ காக்கா கிடையாது. 27 வருஷமா ஓட்டுனவரு, 3,800க்கும் மேல ஜெயிச்சவரு, ஒரு சீசன்ல அதிகமா ஜெயிக்கறவருக்குக் கிடைக்கற சாம்பியன் ஜாக்கி பட்டத்தை நாலு தடவை வாங்குனவரு, அவரு வேலைய விட்டுட்டுப் போறப்ப எந்திரிச்சு நின்னு கைதட்ட ஒரு கூட்டம் இல்ல.

இதுல யாரு மேலயும் தப்பு சொல்ல வரல. நோய் பரவுன நேரம், வேற வழி இல்ல. அவருக்கும் ஆர்ப்பாட்டம் இல்லாம போறதுதான் பிடிச்சிருக்கும், ஆள் சுபாவமே அப்படி. ஆனா ஒருத்தரை வழியனுப்பறதுங்கறது போறவருக்கு மட்டும் இல்லைங்க, அனுப்பி வைக்கறவங்களுக்கும் சேர்த்துத்தான். எங்களுக்கு அது கிடைக்கவே இல்ல. அதுக்கப்புறம் கேட்டெல்லாம் திறந்தாச்சு, கூட்டம் வந்தாச்சு, அந்தக் கடன் அப்படியே நிக்குது. அதைப் பத்தியும், அதைவிடப் பெரிய இன்னொரு கடனைப் பத்தியும்தான் இந்த மடல். உங்களுக்கு இங்கிலீஷ்ல தனியா அனுப்பறேன், தமிழ்ல இதை எழுதறது எதுக்குன்னா இந்த நாட்டுல இருக்கற நம்ம ஆளுங்க வருஷத்துக்கு ஒரு நாள் கிராண்ட் நேஷனல்ங்கற பெரிய ரேஸுக்கு ரெண்டு பவுண்டு கட்டி டிவி முன்னாடி உக்காருறாங்க, அந்தக் குதிரை மேல உக்காந்திருக்கறவரு யாரு, அவரு வாழ்க்கை எப்படின்னு யாரும் அவங்களுக்குச் சொன்னதில்ல. நம்ம ஊர்ல ரேஸ்னா நமக்குத் தெரிஞ்சது கிண்டி, ஊட்டி, எல்லாம் சமதரையில ஓடுனது. இது தாண்டி ஓடற ரேஸ். சேஸ்ங்கற வகையில ஃபென்ஸ்ங்கற ஒவ்வொரு தடுப்பும் குறைஞ்சது நாலரை அடி உசரம், ஹர்டில்ங்கற சின்னத் தடுப்புன்னா மூணரை அடி, அரை டன் எடையுள்ள குதிரை ரேஸ் வேகத்துல வந்து அதைத் தாண்டணும், மேல இருக்கற ஆளும் சேர்ந்து தாண்டணும். ரேஸ் கூடவே பக்கத்துப் பாதையில ஆம்புலன்ஸ் ஓடி வரும், அதுவே இது என்ன மாதிரி வேலைன்னு சொல்லிடும்.

ஜான்சன் பேரைச் சொன்னா எல்லாரும் முதல்ல சொல்றது "பாவம், மெக்காய் காலத்துல பொறந்துட்டாரு"ங்கறதுதான். எனக்கு அந்தப் பாவம்ங்கற வார்த்தையே பிடிக்காது. டோனி மெக்காய் பெரிய ஆள், அதுல ரெண்டாவது பேச்சுக்கு இடமில்ல. 1995-96ல இருந்து 2014-15 வரைக்கும் ஒரு வருஷம் கூட விடாம 20 தடவை சாம்பியன், 2001-02ல ஒரே சீசன்ல 289 வின்னர், அதாவது 289 வெற்றி, அதுக்கு முன்னாடி 1947ல கோர்டன் ரிச்சர்ட்ஸ் ஃப்ளாட்டுங்கற சமதரை ரேஸ்ல வச்சிருந்த 269ஐயே தாண்டிட்டாரு. அந்த இருபது வருஷத்துல 16 தடவை ரெண்டாவதா வந்தது ஜான்சன். மெக்காய் போனதும் அடுத்த நாலு சீசனும் ஜான்சன்தான் சாம்பியன். பதினாறையும் நாலையும் கூட்டிப் பாருங்க, மெக்காய் இல்லைன்னா அந்த இருபது பட்டமும் யாரு வீட்டு அலமாரியில இருந்திருக்கும்னு புரியும்.

அப்படி வருஷா வருஷம் ரெண்டாவது வர்றதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஜம்ப் சீசன் ஏப்ரல் கடைசியில முடியும், ஒண்ணு ரெண்டு நாள்ல அடுத்தது ஆரம்பிச்சுடும், எல்லாருக்கும் கணக்கு பூஜ்யத்துல இருந்து. நவம்பர் வரும்போதே மெக்காய் எட்ட முடியாத தூரத்துல போயிட்டிருப்பாரு, பட்டம் கிடைக்காதுன்னு அப்பவே தெரிஞ்சுடும், அப்பவும் டிசம்பர் குளிர்ல விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, ட்ரெய்னர் வீட்டுக்குப் போய் குதிரைக்குப் பழக்கம் குடுத்துட்டு, அங்கேருந்து மூணு மணி நேரம் கார் ஓட்டி, ஆறு ரேஸ்ல அஞ்சு ரைடு எடுத்துட்டு, ராத்திரி வீடு வந்து சேரணும், மறுநாளும் இதேதான். பதினாறு சீசன் இதைச் செஞ்சவரு ஒரு தடவையாவது முகம் சுளிச்சு எங்கயும் பேசி நான் கேட்டதில்ல. இன்னொரு விஷயம் தெரியுமா, ரெண்டு பேருக்கும் ஏஜென்ட் ஒரே ஆள்தான், டேவ் ராபர்ட்ஸ். எந்தக் குதிரைக்கு யாருன்னு ரைடு புக் பண்றது அவரு வேலை. தன்னை முந்திக்கிட்டே இருக்கறவருக்கும் தனக்கும் ஒரே ஏஜென்ட், அப்படியும் இத்தனை வருஷம் ரெண்டு பேரும் நல்ல சிநேகிதமா இருந்தாங்கன்னா அது சின்ன மனசுக்காரங்களால முடியற காரியம் இல்ல.

அவரு எங்கேருந்து வந்தாருன்னும் சொல்லணும். ஹியர்ஃபோர்ட்ஷைர் விவசாயக் குடும்பம், அப்பா அமெச்சூரா ரேஸ் ஓட்டுனவரு, அம்மா குதிரை ட்ரெய்ன் பண்ணவங்க. 1994 ஏப்ரல்ல, பதினாறு வயசுல, ஹியர்ஃபோர்ட்லயே ரஸ்டி பிரிட்ஜ்ங்கற குதிரையில முதல் வெற்றி. ட்ரெய்னர் டேவிட் நிக்கல்சன் லாயத்துல சேர்ந்து தொழில் கத்துக்கிட்டாரு, அப்புறம் சாமர்செட்ல மைன்ஹெட் பக்கம் இருக்கற ஃபிலிப் ஹாப்ஸ்கிட்ட போனவரு, கடைசி ரைடு வரைக்கும் அந்த லாயத்தை விடல, பிரதர் டெட்டும் அவரு குதிரைதான். இந்தத் தொழில்ல ஒரே ட்ரெய்னர் கூட அவ்வளவு வருஷம் நிக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல, ரெண்டு மாசம் குதிரை ஜெயிக்கலன்னா ஓனர் ஆளை மாத்துன்னு நிப்பாரு.

ஜம்ப் ரேஸுக்குப் பேர்போன செல்ட்டன்ஹாம்ல இருக்கற நாலு பெரிய ரேஸும் ஜெயிச்சவரு அவரு. 1999ல ஆன்ஸம்ல ஸ்டேயர்ஸ் ஹர்டில், 2000ல லுக்ஸ் லைக் ட்ரபிள்ல கோல்டு கப், 2002ல ஃப்ளாக்ஷிப் யூபராலஸ்ல சாம்பியன் சேஸ், 2003ல அந்த வெள்ளைச் சாம்பல் குதிரை ரூஸ்டர் பூஸ்டர்ல சாம்பியன் ஹர்டில், அதுவும் 11 லெங்த் வித்தியாசத்துல, ஒரு லெங்த்னா ஒரு குதிரையோட நீளம். அப்புறம் கோல்டு கப்புக்கு 18 வருஷம் காத்திருந்தாரு. 2018ல நேட்டிவ் ரிவர். தரையெல்லாம் சேறு, மூணேகால் மைலுக்கும் மேல தூரம், 22 ஃபென்ஸ். முதல் ஃபென்ஸ்ல இருந்து அவரு முன்னாடி, மைட் பைட்ங்கற குதிரை அவரு பின்னாடியே ஒட்டிக்கிட்டு, மத்த குதிரைங்கல்லாம் ஒவ்வொண்ணா கழண்டு போயிடுச்சு. கடைசி ஃபென்ஸுக்கு முன்னாடி மைட் பைட் முந்தப் போகுதுன்னுதான் எல்லாருக்கும் தோணுச்சு. ஆனா மேட்டுல ஏறும்போது நேட்டிவ் ரிவர் தலையக் கீழ போட்டு மிதிச்சது பாருங்க, ஜான்சன் உடம்பு மொத்தமும் அது கூடவே முன்னும் பின்னும் தள்ளுது, நாப்பது வயசு ஆளு, முகம் பூரா சேறு, கண்ணு ரெண்டு மட்டும் தெரியுது. நாலரை லெங்த்ல ஜெயிச்சாரு. ஓட்டறதுக்கு அழகான ஜாக்கி ருபி வால்ஷ்தான்னு சொல்லுவாங்க, நானும் ஒத்துக்கறேன், ஆனா களைச்சுப்போன குதிரை கிட்ட இன்னும் கொஞ்சம் குடுன்னு கேட்டு வாங்கறதுல ஜான்சனுக்கு மேல யாரையும் நான் வைக்க மாட்டேன்.

கிராண்ட் நேஷனல் மட்டும் அமையவே இல்ல. 21 தடவை ஓட்டியும் ஜெயிக்கல. 2002ல வாட்ஸ் அப் பாய்ஸ்ல கடைசி ஃபென்ஸ் தாண்டி முன்னாடி போயிட்டாரு, அந்த நீளமான ஓட்டத்துல பிண்டாரிங்கற குதிரை திரும்பி வந்து புடிச்சுடுச்சு, ரெண்டு லெங்த் கூட வித்தியாசம் இல்ல. 2014ல பால்த்தசார் கிங், மறுபடியும் ரெண்டாவது. மெக்காய்க்கே அது பதினஞ்சாவது முயற்சியிலதான், 2010ல டோன்ட் புஷ் இட்ல கிடைச்சுது. சிலதெல்லாம் அப்படித்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2015 ஏப்ரல் 25, சாண்டவுன், மெக்காயோட கடைசி நாள். டிக்கெட் ஒண்ணு பாக்கி இல்லாம வித்துப்போச்சு, பாக்ஸ் ஆபீஸ்ங்கற குதிரையில மூணாவதா வந்தாரு, பரேட் ரிங்ல அவரு கண்ணு கலங்குனதைப் பாத்து ஆயிரக்கணக்குல ஆளுங்க கலங்குனாங்க. அவ்வளவும் நியாயம். அவரும் கடைசி ரைடுல மூணாவது, ஜான்சனும் கடைசி ரைடுல மூணாவது. ஒருத்தருக்கு ஊரே திரண்டு வந்துச்சு, இன்னொருத்தருக்குக் காலி ஸ்டாண்டு.

ஆனா நான் ஜான்சனுக்கு மட்டும்னு கேட்டு இதை எழுதல. அவருக்குப் பேரு இருக்கு, பட்டம் இருக்கு, 2019ல ஓபிஇங்கற அரச விருது குடுத்தாங்க, போறதுக்கு சொந்தப் பண்ணை இருக்கு. நான் கேக்கறது அவரு பின்னாடி வரிசையா இருக்கற, பேரு தெரியாத ஜாக்கிகளுக்காக.

நான் ஷ்ராப்ஷைர்ல இருக்கேன், லட்லோ ரேஸ்கோர்ஸ் பக்கம். ஊர் ரோடே ட்ராக்கை வெட்டிக்கிட்டுப் போகும், ரேஸ் வந்தா காரை நிறுத்தி ரோட்டு மேல பாய் விரிச்சுடுவாங்க, குதிரைங்க போனதும் சுருட்டி எடுத்துட்டு காரை விடுவாங்க. அங்க ஒரு புதன்கிழமை மத்தியானம், மழைத் தூறல், சின்ன ரேஸ், கூட்டமும் ரொம்ப இல்ல. தூரத்து ஃபென்ஸ்ல ஒரு சின்னப் பையன், கன்டிஷனல் ஜாக்கி, அதாவது இன்னும் தொழில் கத்துக்கிட்டிருக்கற ஜாக்கி, அவன் குதிரை முன்கால் தட்டி தலைகுப்புற விழுந்துடுச்சு. அவன் விழுந்த உடனே தலையைக் கைக்குள்ள விட்டு உருண்டையா சுருண்டுக்கிட்டான், பின்னாடி வந்த குதிரைங்க எல்லாம் போற வரைக்கும் அசையல. அசையக் கூடாதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. எல்லாம் போனதும் மெல்ல எந்திரிச்சு முதல்ல திரும்பிப் பாத்தது குதிரைய, அது நல்லா இருக்கான்னு. அப்புறம்தான் தன் தோள்பட்டையைத் தொட்டுப் பாத்தான். டாக்டர் காரை விட்டு இறங்கி கையைத் தூக்கச் சொன்னாரு, கண்ணைப் பாத்தாரு, கழுத்தைத் திருப்பச் சொன்னாரு. முக்கால் மணி நேரத்துல வேற கலர் சட்டை போட்டுக்கிட்டு வேற குதிரையில வந்து உக்காந்துட்டான். அந்தச் சட்டை மாத்தறப்ப உடம்பெல்லாம் எப்படி வலிச்சிருக்கும். ஒரு ரைடுக்கு அவனுக்குக் கிடைக்கறது இருநூறு பவுண்டை ஒட்டி, அதுல பத்து சதவீதம் ஏஜென்ட்டுக்கு, சேணம் துணிமணி பாத்துக்கற வேலட்டுக்கு ஒரு பங்கு, பெட்ரோல், பிசியோ, மிச்சம்தான் வீட்டுக்கு.

அவன் பேரு போர்டுல அப்புறம் எப்பவாவதுதான் வரும். ஒரு நாள் வராமலே போயிடும். யாரும் கவனிக்க மாட்டாங்க.

ஜான்சனோட வாழ்க்கையில பாதிக்கு மேல ஓடுனது இந்த மாதிரி புதன்கிழமைகள்லதான். லட்லோ, டான்டன், எக்ஸிட்டர், நியூட்டன் ஆபட், செப்ஸ்டோ. செல்ட்டன்ஹாம்ல எல்லாரும் ஓட்டுவாங்க, நனைஞ்சுபோன மத்தியானத்துல நாப்பது ஆள் பாக்கற ரேஸ்ல அதே மூச்சோட ஓட்டறவங்கதான் அந்த 3,800ஐ தொட முடியும். அதனாலதான் அந்த வரிசைக்கு அவரைத் தலைமையா வச்சு நான் கேக்கறேன்.

எல்லாருக்கும் போற நாளைத் தானே தீர்மானிக்கற பாக்கியமும் இல்ல. ரிச்சர்ட் டன்வுடிய நெனச்சுப் பாருங்க. 1986ல வெஸ்ட் டிப், 1994ல மின்னஹோமான்னு ரெண்டு நேஷனல், மூணு தடவை சாம்பியன், 1,699 வின்னர், அன்னிக்கு அதுதான் ஜம்ப் ரெக்கார்டு. கழுத்துல பட்ட அடியில வலது கை பலம் போயிடுச்சு, 1999ல முப்பத்தஞ்சு வயசுல டாக்டர் இனிமே ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. இதுதான் கடைசி ரைடுன்னு தெரிஞ்சு அவரு எந்தக் குதிரையிலயும் ஏறல. அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படின்னா பேரு தெரியாத பையனுங்களுக்கு எப்படி இருக்கும். இந்தத் தொழில்ல நிறைய பேரோட ரிட்டயர்மென்ட் லெட்டரை எழுதறது எக்ஸ்ரேதான்.

நீங்க எதுவும் செய்யறதில்லன்னு நான் சொல்லல. விழுந்தா டாக்டர் பாக்காம அடுத்த ரைடுக்கு விடறதில்ல, தலையில அடின்னா டெஸ்ட்டு பாஸ் பண்ணாம விடறதில்ல, ஓட்டிக்கிட்டு இருக்கறவங்களுக்குக் காயத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு, வெயிட் குறைக்கறதுக்காக வெந்துக்கிட்டிருந்த சானா அறைய கொரோனாவுல மூடுனீங்க, அப்புறம் திறக்கல, அது நல்ல முடிவு. ரிட்டயர் ஆனவங்களுக்கு வேற தொழில் கத்துக்குடுக்கற ஜெட்ஸ் திட்டமும் இருக்கு. ஆனா லைசென்ஸ் போனதுக்கு அப்புறம் உடம்புக்குன்னு வர்றப்ப பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கறது அடிபட்ட ஜாக்கிகளுக்கு உதவற இஞ்சர்டு ஜாக்கீஸ் ஃபண்டுதான். அது எப்படி ஆரம்பிச்சுது? 1963 டிசம்பர்ல டிம் புரூக்‌ஷா விழுந்து முதுகெலும்பு போச்சு, அடுத்த சில மாசத்துலயே 1964 கிராண்ட் நேஷனல்ல பேடி ஃபேரல் 'சேர்'ங்கற ஃபென்ஸ்ல விழுந்து அவருக்கும் நடை போச்சு. ரெண்டு குடும்பம் தவிக்கறதைப் பாத்து ஜனங்க போட்ட காசுல உருவானது அது. இன்னிக்கு லாம்போர்ன், மால்டன், நியூமார்க்கெட்னு மூணு இடத்துல சிகிச்சை மையம் நடத்தறாங்க, கோயில் கட்டி கும்பிடற மாதிரியான வேலை. ஆனா அறுபது வருஷம் ஆச்சுங்க. இன்னும் அந்த ஃபண்டு கிறிஸ்துமஸ் கார்டு வித்தும், செத்துப்போன ரசிகர் உயில்ல எழுதி வச்ச காசுலயும், ஜனங்க போடற நன்கொடையிலயும்தான் ஓடுது. ஒரு தொழில்ல உடம்பு உடையறது நிச்சயம்னு தெரிஞ்சா, அந்தச் செலவு தொழில் கணக்குல வரணுமா, தர்மக் கணக்குல வரணுமா?

காசு எங்கேருந்துன்னு கேட்டா, பந்தயம் கட்டறவங்க கிட்ட காசு வாங்கற புக்மேக்கர்கள் பிரிட்டிஷ் ரேஸ்ல சம்பாதிக்கற கிராஸ் ப்ராஃபிட்ல அஞ்சு லட்சம் பவுண்டுக்கு மேல வர்றதுல 10 சதவீதம் சட்டப்படி லெவிங்கற கட்டாயத் தொகையா கட்டறாங்க. அது பிரைஸ் மணிக்குப் போகுது, குதிரைங்க ஆரோக்கியத்துக்குப் போகுது, ரேஸ் நடத்தறதுக்குப் போகுது, எல்லாம் தேவைதான். அதுல இருந்து ஒரு நிரந்தரப் பங்கை ரிட்டயர் ஆன ஜாக்கிகளோட உடம்புக்குன்னு ஒதுக்குங்க. அதை வசூலிக்கற லெவி போர்டோட நீங்க உக்காந்து பேசுனா முடியாதது இல்ல. லைசென்ஸைத் திருப்பிக் குடுத்த நாள்ல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை, தலை, எலும்பு, மனசு மூணுக்கும், அதுவும் அவங்க வந்து கேக்கறதுக்குக் காத்திருக்காம நீங்களே கூப்பிட்டு. கேக்க மாட்டாங்க, அதுதான் பிரச்சினை. உடைஞ்ச விலா எலும்போட அடுத்த ரைடு எடுக்கறவங்க, ராத்திரி தூக்கம் வரலன்னு போன் பண்ணி சொல்லப்போறதில்ல. பரிசோதனையே ஒரு வழக்கமா இருந்தா வெக்கப்படாம வருவாங்க.

அப்புறம் அந்த வழியனுப்பு. வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில சாண்டவுன்ல சீசன் முடியற சனிக்கிழமை சாம்பியன் ஜாக்கிக்கு கோப்பை குடுக்கறீங்க. அதே நாள், முதல் ரேஸுக்கு முன்னாடி, அந்த சீசன்ல தொழிலை விட்ட அத்தனை ஜாக்கிகளையும் குடும்பத்தோட பரேட் ரிங்குக்குக் கூப்பிடுங்க. சாம்பியனா இருந்தாலும் சரி, மொத்தமே இருபது வின்னர் இருந்தாலும் சரி. ஒவ்வொருத்தர் பேரையும் மைக்ல படிங்க, ஜெயிச்ச கணக்கோட நிறுத்தாம எத்தனை ரைடு எடுத்தாங்கன்னும் படிங்க. ஐநூறு தடவை ஏறி இருபது தடவை ஜெயிச்சவன் மிச்ச நானூத்தி எம்பது தடவையும் அதே நாலரை அடியைத்தான் தாண்டியிருக்கான். வீல்சேர்ல வர்றவங்களுக்கு வழி செஞ்சு குடுங்க, வர முடியாதவங்க பேரையும் படிங்க. அரை மணி நேரம் ஆகுமா? ஆகட்டும். டிவி காட்டலன்னா பரவாயில்ல, ஸ்டாண்டுல இருக்கற நாங்க பாத்துக்கறோம்.

முதல் வருஷம் ஆரம்பிக்கும்போது, கொரோனாவுல கேட் பூட்டியிருந்தப்ப போனவங்க எல்லாரையும் சேர்த்துக் கூப்பிடுங்க. அந்த வரிசையில முன்னாடி ஜான்சனை நிக்கச் சொல்லுங்க. அவரு வேண்டாம்னு சொல்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, கன்னுக்குட்டி வேலை இருக்குன்னு பண்ணையிலயே இருந்துடலாம். அப்படிச் சொன்னாலும் மத்தவங்களைக் கூப்பிடறதை நிறுத்திடாதீங்க.

அடுத்த ஏப்ரலுக்கு முன்னாடி பதில் வேணும்.

இப்படிக்கு,
லட்லோ பக்கத்துல இருந்து ஒரு ஜம்ப் ரேஸ் ரசிகன்